தாராள உரிமம் வேண்டாம், தளர் உரிமம் என்போம்

வணக்கம்.

மென்பொருளை யாரும் எடுத்து மாற்றலாம், மாற்றியதை மூடியும் விற்கலாம் என்று விடும் எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி வகை உரிமங்களை ஆங்கிலத்தில் permissive license என்கிறார்கள். இதற்குத் தமிழில் அனுமதி உரிமம், இசைவுரிமம், தாராள உரிமம் என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. முதல் இரண்டும் பொருந்தவில்லை. உரிமம் என்றாலே அனுமதிதான். அடுத்தவருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்கச் சொல்லும் அளிப்புரிமை (copyleft) வகையான ஜிபிஎல் தருவதும் அதுவே. மூன்றாவதில்தான் என் தயக்கமெல்லாம். தாராளம் சரி, யாருக்கு?

மினிக்ஸைப் பாருங்கள். ஆண்ட்ரூ டானென்பாம் மாணவர்களுக்காக எழுதிய இயங்குதளம், 2000இல் பிஎஸ்டி உரிமத்துக்கு மாறியது. இன்டெல் சில்லுகளின் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற உள் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் மினிக்ஸ் 3 ஓடுகிறது என்று 2017இல் தெரிய வந்தபோது, டானென்பாமே அதைச் செய்தியில் பார்த்துத்தான் அறிந்தார். அவருக்கு அதில் வருத்தமில்லை. பரவலைப் பார்த்தால் இதைவிட என்ன வேண்டும்? ஆனால் மடிக்கணினியைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்த மூலநிரல் கிடைக்காது. திருத்தி ஏற்றலாம் என்றால், இன்டெல்லின் கையொப்பம் இல்லாததை அந்தச் சில்லு ஏற்காது. தலைமடையில் தாராளம், கடைமடையில் வறட்சி.

லின்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டரில் நடந்தது வேறு. உள்ளே இருந்தது லினக்ஸ், அதாவது ஜிபிஎல். 2003இல் மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. ஓப்பன்டபிள்யூஆர்டி அதிலிருந்துதான் கிளம்பியது. விற்றவர் கைவிட்ட பெட்டிக்கும் அதனால் புது மென்பொருள் கிடைத்தது.

"கட்டற்ற மென்பொருள் என்கிறோம், அப்படியானால் கட்டு குறைந்த உரிமம்தானே கூடுதல் சுதந்திரம்?" என்று ஒரு கேள்வி வந்தது. நல்ல கேள்வி. ஜிபிஎல் போடும் கட்டு, அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூடிக் கொடுக்காதே என்பது. கரை இருந்தால்தான் வாய்க்கால் தண்ணீர் கடைமடை வரை போகும். கரையையும் கட்டு என்று எண்ணி வெட்டிவிடக் கூடாது.

அதற்காக 'விட்டுக்கொடுக்கும் உரிமம்' என்று இகழ்ச்சி தொனிக்க வைப்பதும் சரியில்லை. காப்புரிமச் சிக்கலில் இருந்த எம்பி3யை ஓரங்கட்ட ஓக் வோர்பிஸ் என்ற ஒலி வடிவம் எங்கும் பரவ வேண்டும் என்பதால், அதன் நிரலகங்களுக்கு (library) பிஎஸ்டி வகை உரிமத்தை 2001இல் ஜிபிஎல்லை எழுதிய ஸ்டால்மனே ஆதரித்தார். பரவல்தான் பயனரைக் காக்கும் என்ற இடமும் உண்டு. ஆகவே பெயர் புகழவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம்.

என் பரிந்துரை: தளர் உரிமம். வயது வரம்பில் தளர்வு என்று வேலை அறிவிப்புகளில் தினமும் படிக்கிறோமே, அதே தளர்வுதான். நிபந்தனை தளர்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது; நல்லதா கெட்டதா என்பதைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறது. "இந்த நிரலகம் அளிப்புரிமையிலிருந்து தளர் உரிமத்துக்கு மாறியது" என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், இடறவில்லை. தளருரிமம் என்று சேர்த்தால் கண்ணுக்கு நெருடுகிறது; பிரித்தே எழுதலாம்.

அப்புறம் ஒன்று. நிரலகங்களுக்கான எல்ஜிபிஎல் உரிமம் அளிப்புரிமைக்கும் தளர் உரிமத்துக்கும் நடுவில் நிற்கிறது. நிரலகத்தில் செய்த திருத்தத்தைத் திறந்தே தர வேண்டும். அதை இணைத்துக்கொள்ளும் செயலியை மூடி வைக்கலாம். இதைத் தளர் அளிப்புரிமை என்றால் குழப்பம் வரும். மென் அளிப்புரிமை பொருந்துமா? மென்பொருளின் 'மென்' குறுக்கிடும் என்று தோன்றுகிறது. குறை அளிப்புரிமை எப்படி?