கதவில் ஒட்டாத காந்தம்

நெக்கர்கரை:
ஒன்பது ஆண்டுகள் ஆகியும் மறக்கவில்லை. ஸ்டுட்கார்ட் அருகே ஒரு கொட்டகை, 1969 மெர்சிடிஸ் பகோடா, 280 எஸ்.எல். மறுநாள் ஒரு ஜாகுவார் ஈ-டைப்பையும் பார்க்க வேண்டியிருந்ததால் அவசரம். காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தேன். வழுக்கித் தரையில் விழுந்தது. பெயின்ட்டுக்கு அடியில் இரும்புத் தகடு இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டிதான் முழுக்க என்று முடிவு கட்டிவிட்டேன். வண்டியின் சொந்தக்காரப் பெரியவர் குனிந்து காந்தத்தை எடுத்து, சட்டையில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பகோடாவின் கதவுத் தகடும் பானட்டும் டிக்கி மூடியும் அலுமினியம் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் ஏன் சொல்லவில்லை?

பழைய இரும்பு:
சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பீர்களா நண்பரே? விற்பவர் பேச்சை யார் கேட்கிறார்கள்! எனக்கும் ஒரு பகோடா, 230 எஸ்.எல்., கை நழுவியது, அதை விடுங்கள். இனி வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காந்தத்தை முன் மட்கார்டில் வையுங்கள், அது எஃகு. பானட்டைத் திறந்து மட்கார்டின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். தொழிற்சாலையில் வைத்த ஸ்பாட் வெல்டிங்கின் குழிகள் பொட்டுப் பொட்டாக வரிசையில் இருக்க வேண்டும். வழவழவென்று இருந்தால் டிங்கரிங் நடந்திருக்கிறது. எஞ்சின் ஆறிய நிலையில் ஒருமுறை, சூடேறிய பின் ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். போஷ் இன்ஜெக்‌ஷன் பம்ப், அதாவது பகோடாவின் எஞ்சினுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் பம்ப், முழுக்க இயந்திர வகை. அதைப் பிரித்துச் சீர்செய்யக் கைதேர்ந்தவர்கள் குறைவு, கூலி அதிகம். ஈ-டைப் பக்கம் போகவே வேண்டாம். எஞ்சினைத் தாங்கும் சதுரக் குழாய்ச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும்.

கோவென்ட்ரி வாசி:
பழைய இரும்பு ஐயா, இது நியாயமில்லை. அந்தச் சட்டம் போல்ட்டில் நிற்கிறது. கெட்டால் கழற்றி மாற்றலாம். பகோடாவின் அடித்தளம் துருப்பிடித்தால் வெட்டி ஒட்டத்தான் வேண்டும். 1961 ஜெனீவா கார் கண்காட்சியில் வந்தது ஈ-டைப். 1963இல் அதே ஜெனீவாவில் முதல் பகோடா, 230 எஸ்.எல். முன்னதற்கு ஜாகுவார் சொன்ன கணக்கு 265 குதிரைத்திறன், பின்னதற்கு 150. ஓட்டிப் பார்க்காமல் ஒதுக்காதீர்கள்.
நான் ஓட்டியது 1963 மாடல், 3.8 லிட்டர். மேட்டில் ஊர்ந்துகொண்டிருந்தபோது முதல் கியருக்குத் தள்ளினேன். அதற்கு சிங்க்ரோ, அதாவது கியர்களின் வேகத்தை ஒன்றாக்கி இணைக்கும் அமைப்பு, கிடையாது. பல் அரைபடும் ஓசை முதுகுத்தண்டு வரை ஏறியது. உரிமையாளர் அம்மா என் கைமேல் தன் கையை வைத்து, "பொறு, இப்போது" என்று கிளட்சை இருமுறை மிதிக்க வைத்தார். கியர் வெண்ணெயாக விழுந்தது. 1964இல் வந்த 4.2இல் எல்லாக் கியருக்கும் சிங்க்ரோ உண்டு என்று எல்லோரும் அதையே வாங்கச் சொல்கிறார்கள். எனக்கு 3.8தான் வேண்டும்.

மழைக்கால ஓட்டி:
நெக்கர்கரை, மறுநாள் அந்த ஈ-டைப் என்ன ஆயிற்று?

நெக்கர்கரை:
அடியில் படுத்து டார்ச் அடித்தேன். பின் பிரேக் வட்டுகள் சக்கரத்தில் இல்லாமல் டிஃபரன்ஷியலை (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) ஒட்டி உள்ளே இருக்கின்றன அல்லவா, இரண்டிலும் எண்ணெய். எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. அதை மாற்றப் பின்பக்கம் முழுவதையும் இறக்க வேண்டும். வாங்கவில்லை. அலுமினிய விவரம் தெரிந்த அன்றே பெரியவருக்குத் தொலைபேசினேன். அவர் மனைவி எடுத்தார். வண்டி போய்விட்டது என்றார்.