‘லூஸ் பிவட்’டுக்குச் சொல் – தளர்ச்சுழல்முனை வேண்டாமே

வணக்கம்.

இங்கிலாந்துத் தொடக்கப்பள்ளிகளின் ‘டிசைன் அண்ட் டெக்னாலஜி’ பாடத்துக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியல் இயந்திர அமைப்புகள் பகுதிக்கு வந்திருக்கிறது. 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தப் பாடத்திட்டத்தில் 5–7 வயதினருக்கு நெம்புகோல், சறுக்குப்பட்டை, சக்கரமும் அச்சும். 7–11 வயதினருக்குப் பற்சக்கரம், கப்பி, கேம், நெம்புகோல்களின் பிணைப்பு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சொல் இருக்கிறது. மாட்டிக்கொண்டது ஒரு ஜோடி: ஃபிக்ஸ்டு பிவட், லூஸ் பிவட் (பிவட் என்பது பட்டை சுழலும் இடம்). வரைவில் நிலைச்சுழல்முனை, தளர்ச்சுழல்முனை என்று போட்டிருக்கிறேன். ஒப்புதல் உண்டா?

-----

> தளர்ச்சுழல்முனை

வேண்டாம் ஐயா. இங்கே ‘லூஸ்’ என்பது தளர்ச்சியே இல்லை.

பொருள் இதுதான். ஓர் அட்டைப்பட்டையை அடியில் இருக்கும் தளத்தட்டையோடு ஸ்பிளிட் பின்னால் (குத்தியபின் இரண்டு கால்களையும் விரித்து மடக்கும் சிற்றாணி) குத்தினால் அது ஃபிக்ஸ்டு பிவட். பட்டை சுழலும், பின் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு பட்டைகளை மட்டும் ஒன்றோடொன்று குத்தி, தளத்தைத் தொடாமல் விட்டால் அது லூஸ் பிவட். பட்டைகள் நகர, பின்னும் கூடவே நகரும். இறுக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்: பட்டை தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் ஆடக் கூடாது.

‘தளர்’ என்று எழுதினால் பிள்ளை பின்னின் கால்களைப் பாதி மடக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஆங்கிலச் சொல்லிலேயே இந்தக் குழப்பத்துக்கு இடம் இருக்கிறது. அதைக் காசு கொடுத்து வாங்கி வர வேண்டாம்.

தளர்வு உண்மையில் எங்கே கெடுதல் செய்யும் என்பதையும் பாருங்கள். ஒற்றைத்துளைப் பஞ்ச் 6 மி.மீ. துளை போடும். பின்னின் கால் 3 மி.மீ. என்றால் மீதி 3 மி.மீ. வெறும் ஆட்டம். சுழலும் இடத்திலிருந்து தள்ளும் இடம் 3 செ.மீ., படம் ஒட்டிய நுனி 12 செ.மீ. என்றால், அந்த 3 மி.மீ. ஆட்டம் நுனியில் 12 மி.மீ. ஆகிவிடும். பட்டாம்பூச்சி பறக்காது, தள்ளாடும். பஞ்சை ஒதுக்கிவிட்டு, அட்டைக்கு அடியில் களிமண் உருண்டை வைத்துக் கூர்மையான பென்சிலால் மெல்லக் குத்துவதே மேல். காலின் அளவுக்குத் துளை வந்ததும் நிறுத்திவிடலாம்.

-----

சுழல்முனை என்பதிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. பட்டையின் நடுவில் குத்தினாலும் ‘முனை’யா? பாடநூலின் ஆதாரப்புள்ளி, ஈழத்து வழக்கின் பொறுதி இரண்டும் நெம்புகோலைத் தாங்கும் இடத்தைச் சொல்வன. நகரும் பின் எதையும் தாங்குவதில்லை.

தச்சர் சொல் ஒன்று இருக்கிறது: குடுமி. கீல் வராத காலத்துக் கதவு மேலும் கீழும் குடுமி வைத்துத்தான் சுழன்றது. நிலையில் இருப்பதால் நிலைக்குடுமி, மற்றது நகர்குடுமி. வாசல்நிலையும் நிலைத்திருப்பதும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது, பாருங்கள்.

-----

நிலைக்குடுமி அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ‘நகர்குடுமி’ என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியுமா? குடுமிக்கதவைப் பார்த்த பிள்ளையும் இன்று குறைவு.

இன்னொரு வழி. ஆங்கிலம் ஒரே பெயர்ச்சொல்லுக்கு இரண்டு அடைமொழி போடுகிறது என்பதற்காக நாமும் அப்படியே செய்ய வேண்டியதில்லை. செய்கிற வேலை இரண்டு, சொல்லும் இரண்டாக இருக்கட்டும்.

தளத்தில் குத்தியது முளை. மாடு கட்ட நிலத்தில் அடிப்போமே, அதே முளை. முளை நகராது, மாடு அதைச் சுற்றி வட்டமாக மேயும். கயிற்றின் நீளமே வட்டத்தின் அளவு. ஃபிக்ஸ்டு பிவட்டின் முழு இயக்கமும் இதற்குள் அடக்கம்.

இரண்டு பட்டையைச் சேர்ப்பது மூட்டு. முழங்கையை மடக்கிக் காட்டினால் போதும்.

-----

> இரண்டு பட்டையைச் சேர்ப்பது மூட்டு

முளைக்கு என் வாக்கு. மூட்டில் ஒரு தடை: இதே பாடத்தில் மரச்சட்டங்களை அட்டை முக்கோணம் ஒட்டிச் சேர்க்கிறார்கள், அதையும் மூட்டு என்றுதான் சொல்வோம். அது அசையக் கூடாத மூட்டு. ஆகவே இதை நகர்மூட்டு என்போம்.

சொல் தேறுமா என்பது செய்முறைக்குள் போட்டால்தான் தெரியும். எழுதிப் பார்த்தேன்:

“300 ஜிஎஸ்எம் அட்டையில் 2 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டை வெட்டவும். ஆடுபட்டை 16.5 செ.மீ., தள்ளுபட்டை 15 செ.மீ. நீளம். ஆடுபட்டையில் ஒரு நுனியிலிருந்து 1.5 செ.மீ. தள்ளி நகர்மூட்டுக்குத் துளை. அங்கிருந்து 3 செ.மீ. தள்ளி முளைக்குத் துளை. தள்ளுபட்டையின் நுனியிலிருந்து 1.5 செ.மீ. தள்ளி ஒரு துளை. முதலில் இரண்டு பட்டைகளையும் மேசைமேல் வைத்து நகர்மூட்டைப் போடவும். அதன்பின் தளத்தட்டையை எடுத்து, ஆடுபட்டை குறுக்காகவும் தள்ளுபட்டை கீழ்நோக்கியும் இருக்கும்படி வைத்து முளையைக் குத்தவும். தள்ளுபட்டை விலகாமல் இருக்க அதற்கு மேல் அட்டைப் பாலம் ஒட்டவும்.”

வரிசை மாறக் கூடாது. தளத்தின்மேல் வைத்துக்கொண்டே நகர்மூட்டைப் போட்டால் பின் தளத்தையும் சேர்த்துக் குத்திவிடும். அப்போது ஒரே பட்டைக்கு இரண்டு முளை, பட்டை அசையாது. “டீச்சர், ஒட்டிக்கிச்சு” என்று வரும் அட்டையைத் திருப்பி முதுகுப்பக்கம் எத்தனை பின் எட்டிப் பார்க்கிறது என்று எண்ணவும். இந்த அமைப்பில் ஒன்றுதான் தெரிய வேண்டும். ‘முதுகில் தெரிவது முளை, தெரியாதது மூட்டு’ என்று பிள்ளையே சரிபார்த்துக்கொள்ளலாம். சுழல்முனையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வரி எழுத எனக்கு வரவில்லை.

நகர்மூட்டின் பின்னைத் தலை தளத்தைப் பார்க்க, கால் மேலே வர மாட்ட வேண்டும். தலைகீழாக மாட்டினால் காலின் கூர் தளத்தில் சிக்கும், நாலு முறை தள்ளுவதற்குள் கோடு விழும்.

-----

செய்முறைக்கு இரண்டு திருத்தம்.

பாலத்தின் உள்ளகலம் எழுதவில்லை. தள்ளுபட்டை 2 செ.மீ. என்பதால் பாலமும் 2 செ.மீ. என்று பிள்ளை வைத்துவிடும். நகர்மூட்டு நேர்கோட்டில் போவதில்லை, முளையைச் சுற்றி வில்லாகப் போகிறது. முளைக்கும் மூட்டுக்கும் இடையே 3 செ.மீ., ஆடுவது மேலே 30 பாகை கீழே 30 பாகை என்றால் மூட்டு பக்கவாட்டில் 4 மி.மீ. நகரும். பாலம் 2.5 செ.மீ. இருக்கட்டும்.

அடுத்தது, பின்னை மடக்கும்போது பட்டைக்கும் காலுக்கும் நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகி, மடக்கி முடித்ததும் உருவிவிடச் சொல்லுங்கள். அந்த அரை மில்லிமீட்டர்தான் ‘லூஸ்’ என்ற சொல் உண்மையில் பொருந்தும் ஒரே இடம். அது முளைக்கும் வேண்டும், மூட்டுக்கும் வேண்டும்.

-----

பட்டியலில் மாற்றிவிட்டேன்: ஃபிக்ஸ்டு பிவட் – முளை, லூஸ் பிவட் – நகர்மூட்டு. முளைவிடும் பயறோடு குழம்புமோ என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். அறிவியல் வகுப்பு உள்ள அதே வாரத்தில் இந்தப் பாடம் வந்தால் ‘முளைக்குச்சி’ என்று முழுதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று குறிப்பு சேர்த்திருக்கிறேன். குடுமியையும் விடவில்லை, தச்சுச் சொற்கள் பகுதியில் கதவுக்கு நேரே வைத்திருக்கிறேன்.

ஸ்பிளிட் பின் இன்னும் ஸ்பிளிட் பின்னாகவே இருக்கிறது. ‘விரிகால் ஆணி’ என்று எழுதிவைத்தேன். கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்களா என்பதுதான் யோசனை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.