அயோவா சிட்டி எப்படிப்பட்ட ஊர்?

கேள்வி: நெல்லை வாசகர்

அமெரிக்காவின் அயோவா சிட்டியை நான் அசோகமித்திரன் வழியாக மட்டுமே அறிவேன். 1973இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தில் பங்கேற்கச் சென்றவர் அவர். ‘ஒற்றன்’ நாவல் அந்த நாட்களிலிருந்து பிறந்தது. இப்போது என் தம்பி மகள் அதே பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படிக்க ஆகஸ்டில் புறப்படுகிறாள். இணையத்தில் தேடினால் மக்கள்தொகையும் தட்பவெப்பமும் தரவரிசையும் கிடைக்கின்றனவே தவிர, ஊரின் குணம் பிடிபடவில்லை. பல்கலைக்கழகத்தை எடுத்துவிட்டால் அங்கே ஊர் என்று ஏதாவது மிஞ்சுமா? எழுத்தாளர்களின் நகரம் என்ற பெயர் இன்றும் பொருந்துமா? அங்கே வாழ்ந்தவர்கள் யாரேனும் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மருதன்

ஆய்வுப் பணிக்காக அங்கே சில ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்த ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்காக உருவான ஊர் அல்ல அது. 1839இல் அயோவா பிரதேசத்தின் தலைநகராகவே திட்டமிட்டு அமைக்கப்பட்டது. அயோவா ஆற்றின் கிழக்குக் கரை மேட்டில் 1840இல் சட்டமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1846 டிசம்பரில் அயோவா மாநிலத் தகுதி பெற்றது. அடுத்த இரண்டு மாதங்களிலேயே, 1847 பிப்ரவரியில், பல்கலைக்கழகத்துக்கான சட்டம் நிறைவேறியது. குடியேற்றம் மேற்கு நோக்கி விரிந்துகொண்டே போனதால் தலைநகரை 1857இல் டெ மொயினுக்கு மாற்றிவிட்டார்கள். அவ்வாறு காலியான சட்டமன்றக் கட்டடம் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. தங்க முலாம் பூசிய குவிமாடத்துடன் இன்றும் வளாகத்தின் நடுவில் நிற்பது அதுதான். 2001இல் பழுதுபார்ப்புப் பணியின்போது அந்தக் குவிமாடம் தீக்கிரையானது. மறுபடி கட்டி, 2006இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள்.

அந்தக் கட்டடத்தைச் சுற்றியுள்ள புல்வெளிக்கு மதிலும் கிடையாது, நுழைவாயிலும் கிடையாது. வளாகத்திலிருந்து இறங்கி கிளின்டன் தெருவைக் கடந்தால் உடனே கடைத்தெரு தொடங்கிவிடுகிறது. ஆகவே ஊர் எங்கே முடிகிறது, பல்கலைக்கழகம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. 2020 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 74,828; மாணவர் எண்ணிக்கையோ 30,000ஐ ஒட்டியது. மாணவர்கள் கலைந்துபோகும் கோடையில்தான் நிரந்தரக் குடிகளின் ஊர் கண்ணுக்குத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த பருவமும் அதுவே.

ஊரின் உண்மையான திருவிழா என்று சொல்லத்தக்கது இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளின் அமெரிக்கக் கால்பந்தாட்டம். கின்னிக் அரங்கில் ஏறத்தாழ 69,000 பேர் அமரலாம். அதாவது, ஊர் முழுவதையும் கிட்டத்தட்ட உள்ளே உட்காரவைத்துவிடலாம். அரங்கை ஒட்டியே 2017இல் திறக்கப்பட்ட குழந்தைகள் மருத்துவமனை உயர்ந்து நிற்கிறது. ஆட்டத்தின் முதல் கால்பகுதி முடிந்ததும், அரங்கில் இருக்கும் அனைவரும், எதிரணியினர் உட்பட, மைதானத்திலிருந்து திரும்பி, மருத்துவமனையின் மேல்தளச் சன்னல்களில் நின்று பார்க்கும் நோயுற்ற குழந்தைகளுக்குக் கையசைக்கிறார்கள். விளையாட்டில் துளியும் ஆர்வமில்லாத நான் இதற்காகவே ஒருமுறை அனுமதிச் சீட்டு வாங்கினேன். மகளிர் விளையாட்டுக்கும் அங்கே இதே வரவேற்பு உண்டு: 2023 அக்டோபரில் இந்த அரங்கிலேயே திறந்தவெளியில் நடந்த மகளிர் கூடைப்பந்துப் போட்டியைக் காண 55,646 பேர் திரண்டார்கள். பல்கலைக்கழக அணியின் நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் ஆடிய காலம் அது.

பதில்: செம்பருத்தி

மருதன் அவர்கள் விட்டுவைத்த இலக்கியப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். புனைவும் கவிதையும் எழுதுவதற்கு முதுகலைப் பட்டம் தரலாம் என்ற வழக்கத்துக்கு அமெரிக்காவில் முன்னோடி, 1936இல் அங்கே முறைப்படி தொடங்கிய எழுத்தாளர் பட்டறைதான். ஃப்ளானரி ஓ’கானர் அதில் பயின்றார். கர்ட் வானகட் 1960களில் கற்பித்தார். பட்டறையை இருபதாண்டுகளுக்கு மேல் நடத்திய கவிஞர் பால் எங்கிலும், பின்னர் அவருடைய மனைவியான சீன நாவலாசிரியர் ஹுவாலிங் நியேயும் 1967இல் தொடங்கியதே நீங்கள் குறிப்பிடும் சர்வதேச எழுத்தாளர் திட்டம். இரண்டும் வேறுவேறு அமைப்புகள். பட்டறை பட்டம் தருவது. திட்டமோ, ஏற்கெனவே எழுதி நிலைபெற்றவர்களைப் பல நாடுகளிலிருந்து அழைத்துச் சில மாதங்கள் தங்கவைப்பது. ஓரான் பாமுக்கும் மோ யானும் நோபல் பரிசுக்கு முன்பே இத்திட்டத்தில் பங்கேற்றவர்கள்.

ஆனால், அந்த ஊரில் எல்லோரும் கையில் கவிதைப் புத்தகத்துடன் உலவுகிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். இளநிலை மாணவர்களில் பெரும்பாலோர் பட்டறையின் கட்டடம் எங்கே இருக்கிறது என்றுகூட அறியாமல் பட்டம் வாங்கிச் செல்கிறார்கள் என்பது என் கணிப்பு. இலக்கியம் அங்கே சிறு வட்டத்தின் தொழில். ஆயினும் அந்த வட்டத்துக்குள் நுழையக் கட்டணமோ அழைப்போ தேவையில்லை. 1978இல் தொடங்கிய ப்ரேரி லைட்ஸ் புத்தகக் கடையின் வாசிப்புக் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் சென்று அமரலாம். அயோவா அவென்யூவின் நடைபாதையில் அங்கே வாழ்ந்த எழுத்தாளர்களின் வரிகளை வெண்கலப் பலகைகளில் பதித்திருக்கிறார்கள். 2008 நவம்பரில் யுனெஸ்கோ இந்நகரை இலக்கிய நகரமாக அறிவித்தது. எடின்பரோவும் மெல்போர்னும் மட்டுமே அதற்கு முன் அந்தப் பெயரைப் பெற்றிருந்தன.

இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை 2025 தொடக்கத்தில் மானியங்களை நிறுத்திவிட்டதால், சர்வதேச எழுத்தாளர் திட்டம் இளைஞர்களுக்கான பயிற்சி முகாம் போன்றவற்றைக் கைவிட்டு, அழைக்கும் எழுத்தாளர்களின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொண்டது. உலகப் புகழ் பெற்ற ஒரு திட்டம் வாஷிங்டனில் இருக்கும் ஓர் அலுவலகத்தின் ஒற்றைக் கடிதத்தால் சுருங்கிவிடக்கூடியது என்பதை அவ்வூர் நண்பர்களே எதிர்பார்க்கவில்லை.

பதில்: ஆற்றங்கரை

யாரும் வெள்ளத்தைப் பற்றி எழுதவில்லையே என்று வியக்கிறேன். அந்த ஊரின் இன்றைய தோற்றத்தைத் தீர்மானித்தது அதுதான். நகருக்கு வடக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட கோரல்வில் அணை இருக்கிறது. அதன் அவசர வடிகாலுக்கு மேல் நீர் வழிந்தது இரண்டு முறைதான்: 1993இலும் 2008இலும். முதல் வெள்ளம் வடிகாலுக்குக் கீழிருந்த மண்ணை அரித்துச் செல்ல, அடியில் 37.5 கோடி ஆண்டுகள் பழமையான டெவோனியக் காலக் கடல்தரை தொல்லுயிர் எச்சங்களுடன் வெளிப்பட்டது. இன்று அது பொதுமக்கள் நடந்து பார்க்கும் இடம். தம்பி மகளை அவசியம் போகச் சொல்லுங்கள்.

2008 ஜூன் வெள்ளம் கொடியது. ஆற்றோரத்தில் கலை வளாகத்தைக் கட்டியிருந்த பல்கலைக்கழகம் அதற்குப் பெரிய விலை கொடுத்தது. ஹேன்சர் அரங்கம், இசைப்பள்ளி, கலை அருங்காட்சியகம் ஆகியவை பழைய இடத்தில் மீண்டும் இயங்க முடியாத நிலைக்குப் போயின. அருங்காட்சியகத்தின் ஓவியங்களை வெள்ளம் ஏறுவதற்கு முன்பே ஊழியர்கள் அப்புறப்படுத்திவிட்டார்கள். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1943இல் வரைந்த, ஆறு மீட்டர் அகலமுள்ள ஓவியமும் அவற்றுள் ஒன்று. ஹேன்சர் அரங்கம் சற்று மேடான இடத்தில் 2016இல் திறக்கப்பட்டது. புதிய அருங்காட்சியகம் 2022இல்தான் வந்தது. ஆக, பதினான்கு ஆண்டுகள் அந்த ஓவியத்துக்குச் சொந்த வீடில்லை. நகராட்சியும் சும்மா இருக்கவில்லை. நகருக்குள் நுழையும் டுபியூக் தெருவை உயர்த்தி, பார்க் சாலைப் பாலத்தையும் புதிதாகக் கட்டியது. அயல்நாட்டு எழுத்தாளர்கள் அந்நாளில் தங்கிய மேஃப்ளவர் கட்டடம் இந்தத் தெருவில்தான் ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது. அதற்குள்ளும் 2008இல் நீர் புகுந்தது.

நெல்லை வாசகர்

மூவருக்கும் மிக்க நன்றி. வீடு பார்ப்பதைப் பற்றி இரண்டு வரி எழுத முடியுமா? ஆற்றின் எந்தக் கரையில் தங்குவது நல்லது?

பதில்: மருதன்

பொதுச் சுகாதாரக் கல்லூரி மேற்குக் கரையில், பல்கலைக்கழக மருத்துவமனையை ஒட்டி இருக்கிறது. அதனால் மேற்குக் கரையில் வீடு கிடைத்தால் வசதி. வாடகையும் கடைத்தெருவை ஒட்டிய கிழக்குப் பகுதியைவிடப் பொதுவாகக் குறைவு. கிழக்கில் தங்கினாலும் பெரிய இடர் இல்லை. பல்கலைக்கழகத்தின் கேம்பஸ் பேருந்துகள் இரு கரைகளையும் கட்டணமின்றி இணைக்கின்றன. அவற்றை ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் மாணவர்களே. நகரப் பேருந்துகளுக்கும் 2023 ஆகஸ்ட் முதல் கட்டணத்தை நீக்கியிருக்கிறார்கள். கார் இல்லாமல் குளிர்காலத்தைக் கழிக்க முடியும் என்று துணிந்து சொல்வேன்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூலை இறுதியில் முடிந்து ஆகஸ்ட் முதல் நாளையொட்டித் தொடங்குகின்றன. பழைய குடியிருப்பாளர் வெளியேறுவதற்கும் புதியவர் சாவி பெறுவதற்கும் இடையே ஓரிரு நாள் இடைவெளி விழும். அந்நாட்களில் ஊரே மூட்டைமுடிச்சுகளுடன் தெருவில் நிற்கும். ஒப்பந்தத்தில் குறித்துள்ள தேதியைப் பார்த்த பிறகு அவள் விமானச் சீட்டு எடுக்கட்டும். வேண்டாமென்று விட்டுச்சென்ற மேசையும் நாற்காலியும் நடைபாதையோரம் அந்த நாட்களில் இலவசமாகவே கிடைக்கும்; மெத்தையை மட்டும் எடுக்க வேண்டாமென்று சொல்லுங்கள், மூட்டைப்பூச்சித் தொல்லை உண்டு.