எரிமலைச் சரிவில் வைத்து உலகக் காற்றை எப்படி அளக்கிறார்கள்?

உயர்தர மாணவி, கல்லடி:
ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் எடுக்கப்படும், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவீடுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தானே காபனீரொட்சைட்டை உமிழும் ஓர் எரிமலையில், 3,397 மீற்றர் உயரத்தில் பெறும் எண்ணை உலகுக்கே பொதுவானதாக எப்படிக் கொள்வது? அந்தக் கருவியை மட்டக்களப்பு வாவிக்கரையில் வைத்தால் என்ன குறை?

ஓய்வுபெற்ற ஆசிரியர், சம்மாந்துறை:
மகள், வாவிக்கரையிலும் கருவி சரியாகவே அளக்கும். ஆனால் அது அளப்பது உங்கள் ஊர்க் காற்றை. பகலில் கண்டலும் தென்னையும் வயலும் காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கின்றன. இரவில் அவையும் மண்ணும் வெளிவிடுவது, நிலத்தையொட்டிக் குளிர்ந்து நிற்கும் காற்றில் கலைய வழியின்றித் தேங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம், உலக அளவில் வருடமொன்றுக்கு மில்லியனில் கூடும் இரண்டு மூன்று பங்கை முற்றாக மறைத்துவிடும்.

மௌனா லோவாவில் இரவில் சரிவு குளிர, பசுபிக்கின் மேலே நெடுந்தூரம் கலந்து வந்த காற்று உயரத்திலிருந்து இறங்குகிறது. பகலில் கீழ்க்காட்டுக் காற்று மேலேறும். அதன் சாயல் படிந்த மணிநேரங்களைச் சேர்ப்பதில்லை. எரிமலை வாயு வந்தாலோ அளவு சட்டென்று துள்ளி ஆடும். சீராக நில்லாத அந்த மணிநேரங்களும் கழிக்கப்படும். அமெரிக்க விஞ்ஞானி சார்ள்ஸ் கீலிங் இந்த அளவீட்டை 1958 மார்ச்சில் தொடங்கியபோது மில்லியனில் 313 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கருவியைவிட, எந்த மணிநேரத்தை நம்பலாம் என்ற அவருடைய தெரிவே பெரிதென்பது என் எண்ணம்.

வாசகர், அம்பாறை:
ஆசிரியர் கூறியது, நெடுங்காலம் நிலைத்து எங்கும் கலக்கும் வாயுவுக்குப் பொருந்தும். நுண்துகள்களோ சில நாள்களில், மிஞ்சினால் ஓரிரு வாரங்களில், மழையோடு இறங்கிவிடுபவை. அவற்றை மக்கள் சுவாசிக்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். வெள்ளாமை வெட்டி வைக்கோல் எரிக்கும் மாலையில் எங்கள் வயலோரக் காற்று எப்படியிருக்கிறது என்பதை எந்த மலையுச்சியும் சொல்லாது. 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயலையொட்டி இந்தியப் பக்கத்து மாசு இலங்கைக்கு வந்து, 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. துகளில் பட்டு ஒளி சிதறுவதைக் கொண்டு மாசை அளக்கும் மலிவான ஒளிச்சிதறல் கருவி வாங்குவோர் ஈரப்பதத்தையும் பதிய வேண்டும். வாடைக்கால ஈரத்தில் பருத்த துகள்களை அது கூட்டிக் காட்டும்.

உயர்தர மாணவி, கல்லடி:
அப்படியானால் நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை உதவாதா, ஐயா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், சம்மாந்துறை:
2,524 மீற்றர்தான், சுற்றிலும் காடும் மரக்கறித் தோட்டங்களும் உள்ளன. பகலில் அவற்றின் காற்று உச்சிவரை ஏறும். முகிலும் அடிக்கடி மூடும். இரவு அளவீடுகளைச் சலித்தெடுத்தால் ஓரளவு பயன்படும். தொடர்ச்சி அறாமல் காப்பதும் அதே அளவு முக்கியம்: 2022 நவம்பரில் மௌனா லோவா வெடித்து, எரிமலைக் குழம்பு நிலையத்தின் வீதியையும் மின்சாரத்தையும் துண்டித்தபோது, அயலிலுள்ள மௌனா கேயாவில் தற்காலிகமாக அளவீட்டைத் தொடர்ந்தார்கள்.