டிராய் சுதந்திரமான அமைப்பாம், யாருகிட்ட கதை விடுறீங்க?

பெரம்பூர் பாலு: ஃபோன், கேபிள் டிவி கட்டணத்தையெல்லாம் ஒழுங்குபடுத்துற டிராய் ஆணையத்தைப் பத்தி நேத்து ஒரு மேதை "டிராய் 1997ல சட்டம் போட்டு வந்த சுதந்திர அமைப்பு, அரசு கை வைக்கவே முடியாது"ன்னு எழுதியிருந்தாரு, படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த சட்டத்தோட 25வது பிரிவைப் படிங்க சார். கொள்கை விஷயத்துல மத்திய அரசு எழுத்துல சொன்னா டிராய் கட்டுப்படணும், எது கொள்கைன்னு கடைசியா முடிவு பண்றதும் அதே அரசுதான். இதுல சுதந்திரம் எங்கருந்து வந்துச்சு?

தி.நகர் ரமணி: அந்த மேதை நான்தான், வணக்கம். கொள்கை அரசோடது, விலை டிராயோடது. 2019ல 100 சேனலுக்கு மாசம் 130 ரூபாதான் உச்சவரம்புன்னு வச்சது யாரு, அமைச்சரா?

பெரம்பூர் பாலு: 25வது பிரிவு சார். 130 ரூபாய நான் கேக்கவே இல்ல.

கேபிள் குமார்: 130ன்னு சொல்றவரு பில்லு கட்டினதே இல்ல போல. வரியோட 153, பே சேனலுக்குத் தனிக் காசு. வீட்டு வீட்டுக்கு வாசல்ல நின்னு திட்டு வாங்கினது நாங்க. 2024ல அந்த உச்சவரம்பையும் எடுத்துட்டாங்க.

தி.நகர் ரமணி: தம்பி, 2003ல செட்டாப் பாக்ஸ் திட்டம் மத்த ஊர்லலாம் தள்ளிப்போச்சு, சென்னைலதான் வந்துச்சு. அப்பவும் உங்க ஆளுங்க இதே புலம்பல்தான்.

கேபிள் குமார்: அப்ப எங்கப்பாகிட்ட பாக்ஸ் வேணாம்னு சண்டை போட்டது நீங்கதானா?

அடையாறு வக்கீலம்மா: பாலு சார், லண்டன்ல டிவி, டெலிகாமை ஒழுங்குபடுத்துற ஆஃப்காம் தலைவரையும் அமைச்சர்தான் நியமிக்கிறாரு, அது அடிமையா? சேனல்ல என்ன வரலாம்ங்கறது டிராய் கையிலயே இல்ல, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துகிட்ட இருக்கு, அதைப் பேசுங்க. 2023 ஒலிபரப்பு வரைவு மசோதால ஆலோசனை கவுன்சில்னு ஒன்னு போட்டாங்க, ஆளு போடறதும் அரசு, கடைசி முடிவும் அரசு. அலைவரிசை பொதுச்சொத்து, தன்னாட்சி அமைப்பு கையில இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 1995லயே சொல்லியாச்சு.

பெரம்பூர் பாலு: நான் சொல்றதையே சொல்லிட்டு என்னையே எதிர்க்கறீங்க மேடம். தூர்தர்ஷன், ஆகாசவாணியை நடத்துற பிரசார் பாரதி போர்டுக்கு ராஜ்யசபா தலைவர், பிரஸ் கவுன்சில் தலைவர், ஜனாதிபதி நியமிக்கிற ஒருத்தர்னு மூணு பேர் குழு ஆள் தேடுது. அதே மாதிரி இங்கயும் வைங்க, 25ஐ தூக்குங்க.

தி.நகர் ரமணி: ஆமா, அந்த குழு வச்சு பிரசார் பாரதி கிழிச்சிடுச்சு! 2024ல பொதிகைய டிடி தமிழ்னு மாத்தினப்ப உங்களக் கேட்டாங்களா?

பெரம்பூர் பாலு: மாநில அரசு கேபிள் தொழிலுக்கு வரக்கூடாதுன்னு டிராய் பரிந்துரை பண்ணுச்சு, அதையும் மீறி 2017ல நம்ம அரசு கேபிளுக்கு லைசென்ஸ் கொடுத்தது டெல்லி. டிராய் பேச்சுக்கு அவ்ளோதான் மரியாதை.

கேபிள் குமார்: அது கொடுத்தது தப்புங்கறீங்களா?

பெரம்பூர் பாலு: தப்பு சரி நான் கேக்கல. 25.

தி.நகர் ரமணி: மெட்ரோ விவாதத்துலயும் இப்படித்தான், ஒரே வரியப் புடிச்சுக்கிட்டு தொங்கினாரு.

பெரம்பூர் பாலு: அதுக்கும் நீங்க இன்னும் பதில் சொல்லல.