முள் ஏழு இருந்தால் புது இனமா?

பால்மரத்தான்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் பழைய செம்பனை மரங்களின் மட்டை இடுக்கில் மண்ணும் பாசியுமாகச் சேர்ந்து கிடக்கும் இல்லையா, அதில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் குலுக்கி, டீ வடிகட்டியில் வடித்து, மகளின் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பழுப்பாக, வட்டமாக ஓர் ஓடு. மேலே மண் துகள் ஒட்டியிருக்கிறது, வாய் நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளியிருக்கிறது, எதிர்ப்பக்க விளிம்பில் ஏழு முள். சென்ட்ரோபிக்ஸிஸ் அகுலியேட்டா என்று, ஓடு கட்டி அதற்குள் வாழும் ஓர் அமீபாவின் படம் பார்த்தேன், அதில் நாலுதான். பேர் வைக்கலாமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.

கண்ணாடிச்சில்லு:
அண்ணே, முள்ளை நம்பாதீர்கள். ஜென்னிங்ஸ் என்பவர் டிஃப்லூஜியா கொரோனா என்ற ஓட்டு அமீபாவைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து முள்ளும் பல்லும் எண்ணி 1916இல் எழுதினார். ஒரே அமீபா பிளந்து பிளந்து வந்த வம்சத்திலேயே எண்ணிக்கை கூடியும் குறைந்தும் இருந்தது. ஒரே ஓட்டை வைத்து இனம் சொல்ல முடியாது. ஒரு நாற்பது ஐம்பது ஓடாவது பிடித்து, விட்டமும் வாயின் அகலமும் அளந்து எழுதுங்கள். நாலு, ஐந்து, ஆறு, ஏழு என்று இடைவெளியில்லாமல் வந்தால் எல்லாம் ஒரே இனமாக இருக்கத்தான் வாய்ப்பு. நடுவில் ஆளே இல்லாமல் இரண்டு கும்பலாகப் பிரிந்தால், அப்புறம் பேசலாம்.

செம்மண்:
ஒட்டியிருக்கும் மண்ணையும் விட்டுவிடுங்கள், அந்த இடத்தில் என்ன கிடைக்கிறதோ அதைத்தான் ஒட்டிக்கொள்ளும். யூக்லைஃபா என்ற இன்னொரு ஓட்டு அமீபாவின் கதை வேறு, சிலிக்கா செதிலை உடம்புக்குள்ளேயே செய்து அடுக்கும், அதனால் அங்கே செதிலின் வடிவமும் வாயைச் சுற்றியுள்ள பல்லும் சாட்சி சொல்லும். ஆனால் அதைச் சரியாகப் பார்க்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். உயிரோடு ஒன்று கிடைத்தால், ஊர்வதற்கு வாய் வழியாக நீட்டும் காலைப் பாருங்கள்: விரல் மாதிரி தடித்து நீண்டால் உங்கள் சென்ட்ரோபிக்ஸிஸ் கூட்டம், நூல் மாதிரி வந்தால் யூக்லைஃபா கூட்டம். நெபெலா என்ற ஓட்டு அமீபா வகைகளில் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தவற்றை மரபணு பார்த்துத்தான் பிரித்தார்கள்.

பால்மரத்தான்:
சரி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து 43 எண்ணினேன். மூன்று முதல் எட்டு வரை எல்லாம் இருக்கிறது, இரண்டு மொட்டை. வாய் எல்லாவற்றிலும் அதே ஓரம்தான். பேர் ஆசை போச்சு. ஆனால் ஒன்று மட்டும் முள்ளும் இல்லை, மண்ணும் இல்லை, நடுவில் ஓட்டையோடு ஒட்டுக்கடை உளுந்து வடை மாதிரி மஞ்சளாக இருக்கிறதே?

கண்ணாடிச்சில்லு:
அது ஆர்செல்லா, அண்ணே, அதுவும் ஓட்டு அமீபாதான். தன் ஓடு முழுவதையும் புரதத்தால் தானே செய்துகொள்ளும். மஞ்சள் என்றால் இளசு, நாளாக ஆகப் பழுப்பாகிவிடும்.