மறு: ‘உவர்ச்சரிவு’ வேண்டாம், ‘உவர்மாறு அடுக்கு’ எனலாமா?

> கடலில் உப்பு சட்டென்று மாறும் இடத்துக்கு, அதாவது ஹேலோகிளைனுக்கு, ‘உவர்ச்சரிவு’ போதும்.

வணக்கம் ஐயா. எனக்கு இதில் உடன்பாடில்லை. விலைச்சரிவு, பங்குச்சந்தைச் சரிவு என்றே கேட்டுப் பழகிய காதில் சரிவு என்றால் குறைவுதான். ஆர்க்டிக்கின் அந்த அடுக்கிலோ கீழே போகப் போக உப்பு ஏறுகிறது. பள்ளிக் கண்காட்சிக்கான பதாகை வரைவை உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகளிடம் காட்டினேன். “அப்பா, கீழ போனா உப்பு குறையுமா?” என்றாள். அவள் மேல் தப்பில்லை, சொல் அப்படி.

‘உவர்மாறு அடுக்கு’ எனலாம். ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை. ஏறுகிறதா இறங்குகிறதா என்ற குழப்பம் வராது. வெப்பம் மாறும் இடத்துக்கு வெப்பமாறு அடுக்கு, அடர்த்தி மாறும் இடத்துக்கு அடர்மாறு அடுக்கு என்று கூடப்பிறந்த சொற்களும் தாமே அமைந்துவிடும்.

இந்த ஒரு சொல்லுக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம் உண்டு. ஆர்க்டிக்கில் கடற்பனி குறைவதற்குக் காற்று சூடாவதை மட்டும் சொன்னால் கதை பாதிதான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீர், உப்பு மிகுந்து கனப்பதால், ஆர்க்டிக்கில் அடியில் தங்குகிறது. 1893–96இல் ஃபிராம் கப்பலில் பனியோடு மிதந்துபோன நார்வே ஆய்வாளர் நான்சென் அதை அளந்து கண்டார். மேலே உப்புக் குறைந்த குளிர்நீர், உறைநிலையான −1.8 பாகையை ஒட்டி நிற்கிறது. அடிச்சூட்டை மேலே விடாமல் காப்பது இடையிலுள்ள உவர்மாறு அடுக்கு.

சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் குலா மலாக்கா, அதாவது தென்னைவெல்லப் பாகு, போட்ட ஐஸ் தே (குளிர்தேநீர்) வாங்கிப் பாருங்கள். பாகு அடியில் கோடு போட்டதுபோல் நிற்கும். மேலாக உறிஞ்சினால் இனிப்பே தெரியாது. ஒரு கலக்குக் கலக்கினால் கோடு போய்விடும். கடலில் பனி மூடியிருந்தவரை காற்றால் நீரை அவ்வளவாகக் கலக்க முடியவில்லை. பனி விலகியதும் கலக்குகிறது, அடுக்கு நைகிறது, சூடு மேலேறுகிறது, அடுத்த குளிர்காலத்தில் பனி தடிப்பதில்லை. நார்வே, ரஷ்யாவுக்கு வடக்கேயுள்ள பேரன்ட்ஸ் கடலிலும் அதற்குக் கிழக்கேயும் நடக்கும் இதை ‘அட்லாண்டிக்மயமாதல்’ என்று நம் குழுவிலுள்ள அக்கா தமிழில் பெயர்த்தது எனக்கு முழுச் சம்மதம்.

சிங்கப்பூர் 2013 முதல் ஆர்க்டிக் நாடுகளின் கூட்டமைப்பான ஆர்க்டிக் மன்றத்தில் பார்வையாளர். அங்கே நடப்பதை நம் பிள்ளைகள் தமிழில் தடுமாறாமல் படிக்க வேண்டும், ஐயா.

பதாகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.